பியானோவின் அடியிலிருந்து ஒரு படம்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துத் திடுக்கிடச் செய்யும் வித்தை எனக்குக் கைவராது. விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதற்குரிய கேள்வியைக் கண்டுபிடிக்கச் சொல்வதே வகுப்பறையில் என் வழக்கமாக இருந்தது. ஓய்வுபெற்ற பின்னும் அது மாறவில்லை.

கதை பிறந்தது ஒரு கைபேசிப் படத்தில். என் நண்பர் முகுந்த், புனேயை அடுத்த சாகணில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருந்தவர், என்னைக் கேளாமலேயே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அழகான, விசித்திரமான பியானோக்களின் படங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே புனேக்காரர்கள் சிலர் நடத்தும் குழு அது. எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. முகுந்துக்கும் தெரியாது. குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் கணிப்பு. பார்ப்பதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லையே.

என்னவெல்லாம் பார்த்தேன்! ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் போலக் கூரைவரை வளைந்தேறும் பியானோ. கப்பல் அறைக்குள் அடங்கும்படி விசைப்பலகையை மடக்கி வைக்கக்கூடிய பியானோ. கறுப்புக் கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் அமைந்த பியானோ. கேம்ப் பகுதிப் பங்களா ஒன்றின் வராந்தாவில், மேல்மூடியில் துளசித் தொட்டியைச் சுமந்தபடி நிற்கும் பியானோ.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் மனிதர் இருக்கக் கூடாது. பியானோ மட்டும். வாசிக்கும் விரல்கூட ஆகாது. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் எதுவும் கிடையாது. அதோடு ஒரு வழக்கமும் உண்டு. படத்தைப் பார்ப்பவர் ‘அழகு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதில் தாம் கண்ட ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்: மெழுகுவர்த்தித் தாங்கி, தேய்ந்த மிதி, கீலின் வளைவு. உற்றுப் பார்ப்பவர்களின் குழு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் தெரியாத ஓர் உறுப்பினர் ஒரு படம் போட்டார். மேசை போன்ற பழைய சதுரப் பியானோ*, அடியிலிருந்து எடுத்தது. பருத்த கால்கள் தூண்களாய் எழுகின்றன. நடுவே யாழ் வடிவச் சட்டத்திலிருந்து மிதிகள் தொங்குகின்றன. மேலே மெருகேறாத பலகை. படத்தின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடக்கும் ஒற்றை வீட்டுச் செருப்பு.

பாராட்டுகள் வந்து குவிந்தன. நான் மட்டும் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து படம் எடுப்பவர் யார்? மண்டியிட்டவர், அல்லது படுத்தவர், அல்லது விழுந்தவர். புனேயின் தாபோடிப் பகுதியில் ஒரு வீட்டில் தனியாக வசிக்கும் எனக்கு மூன்றாவது விடைதான் முதலில் தோன்றியது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்த முகுந்துக்கு அது தோன்றவே இல்லை.

(* பெயர்தான் சதுரப் பியானோ, வடிவம் நீள்சதுரம். பெயரிட்டவர் என் வகுப்பில் இருந்திருந்தால் இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்லியிருப்பேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

“ஆனந்தவல்லி அம்மாள் விழுந்தபோது கீழே ஆரத்தி தொடங்கியிருந்தது.”

வாக்கியத்தில் குறையில்லை. ஆனால் ஒருவரை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே கீழே தள்ளுவது மரியாதையாகப் படவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி. எனக்குப் பழகிய வழி இது. எதையும் விலங்குகளிடம் ஒப்படைத்துவிடுவேன்.

“ஒரு குளக்கரையில் ஓர் ஆமை வாழ்ந்தது. ஒருநாள் சரிவில் உருண்டு மல்லாந்துவிட்டது. நான்கு கால்களும் வானத்தைத் துழாவின. அவ்வழியே வந்த நாரை நின்றது. ‘ஆமையின் அடிப்புறத்தை இன்றுதான் காண்கிறேன். எத்தனை அழகிய மஞ்சள் கட்டங்கள்!’ என்றது. முயல் வந்து, கட்டங்களின் ஓரத்துக் கறுப்புக் கோட்டைப் புகழ்ந்தது. அணில் வந்து, கால்களை அசைக்கும் நயத்தைப் புகழ்ந்தது. ஆமையோ பண்புள்ள ஆமை. பாராட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ‘என்னைப் புரட்டிவிடுங்கள்’ என்று கேட்பது அவர்களுடைய ரசனையை அவமதிப்பதாகும் என்று கருதி, ‘நன்றி, நன்றி’ என்றது. வெயில் ஏறியது. இக்கதையால் நாம் அறியும் நீதி யாதெனில் —”

நீதி வரவில்லை. நாரை தீயதன்று, முயலும் அணிலும் தீயன அல்ல. ஆமையும் பொய் சொல்லவில்லை. தவறு யாருடையது என்று தெரியாத கதைக்கு நீதி எழுதிப் பழக்கமில்லை எனக்கு. ஆமையை வெயிலிலேயே விட்டுவந்தது இன்றுவரை உறுத்துகிறது.

மூன்றாம் முயற்சி. இதையே வைத்துக்கொள்வோம்.

ஆனந்தவல்லி அம்மாள் பாதுகாப்புக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கோந்த்வாவில் ஓர் அடுக்குமாடிச் சொஸைட்டியின் சி விங்கில் ஆறாம் தளத்தில் வசிக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகள் ஸ்நேஹா டொராண்டோவில். அம்மாள் சிறுமியாக இருந்தபோது கட்கியில் கன்னியாஸ்திரீகளிடம் பியானோ கற்றார். விரல்கள் பழகினால் பின்னாளில் தட்டச்சுக்கு உதவும் என்று அவருடைய தந்தை நம்பியிருந்தார். தட்டச்சு வந்தது, வேலை கிடைத்தது, பியானோ மறந்தது. ஓய்வுபெற்ற ஆண்டில் கேம்பிலிருந்து வெளிநாடு புறப்பட்ட ஒரு குடும்பத்திடமிருந்து இந்தச் சதுரப் பியானோவை வாங்கினார். மின்தூக்கியில் நுழையாததால் அது பால்கனி வழியாகக் கயிற்றில் ஏறியது. சொஸைட்டி முழுவதும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. அதற்கு முன்போ பின்போ அவர்கள் எல்லாரும் அவருடைய வீட்டை நோக்கி முகத்தைத் திருப்பியதில்லை.

குழுவில் அவருடைய பங்களிப்பு ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்முடைய பியானோவின் இதுவரை காட்டாத ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுவார். அன்று, விநாயகர் சதுர்த்தி வாரத்து ஞாயிறு, மேல்மூடியில் பதித்த மரப்பூவை நேர் மேலிருந்து எடுக்க எண்ணிச் சுழல் முக்காலியின்மேல் ஏறினார். முக்காலி தன் இயல்புப்படி சுழன்றது.

கைபேசி கையிலேயே இருந்தது. இடுப்பு அசையவில்லை. வேலைக்கு வரும் மாவ்ஷி கௌரி பூஜைக்காக ஊருக்குப் போயிருந்தாள். கூப்பிட்டார், கீழே முற்றத்துப் பிள்ளையார் பந்தலின் ஒலிபெருக்கியில் ஆரத்தி. மறுபடியும் கூப்பிட்டார், ஆரத்தியோடு தாளமும் சேர்ந்துகொண்டது. அப்போது, கண்ணுக்கு நேரே தெரிந்ததை ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

3

இதுவரை எழுதியதை முகுந்திடம் வாசித்துக் காட்டினேன். தாபோடியில் எங்களுக்கு வழக்கமான தேநீர்க்கடை ஒன்று உண்டு. முகுந்த் கட்கியில் பிறந்தவர். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆகவே நான் படிப்பேன், அவர் கேட்பார்; கேட்கும்போதே குறுக்கிடுவார்.

“ஏன் வாத்தியாரே, அந்தம்மா கையில ஃபோன் இருக்கு. ஃபோட்டோ எடுக்கத் தெரியுது. ஒரு கால் போட்டா விஷயம் கதம். இதுக்குப் போய் இத்தனை பக்கமா?”

“யாரைக் கூப்பிடுவார், சொல்லும்.”

“பொண்ணை.”

“டொராண்டோவிலிருந்து அவள் என்ன செய்வாள்? பதறுவாள்.”

“பக்கத்து ஃபிளாட்?”

“கீழே பந்தலில் ஆரத்திக்கு நிற்கிறார்கள்.”

“வாட்ச்மேன்?”

“அவன்தான் தாளம் தட்டுகிறான்.”

முகுந்த் கண்ணாடித் தம்ளரை டக்கென்று வைத்தார். “வேணும்னே எல்லாரையும் கீழே அனுப்பிட்டீர். பாவம் கிழவி, உம்ம கையில மாட்டிண்டு முழிக்கிறா. தைரியமா ஒத்துக்கும்.”

“ஒத்துக்கொள்கிறேன். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று எழுதட்டுமா? எண்கள் தெரியவில்லை, படமெடுக்கும் பொத்தான் மட்டும் கைப்பழக்கம்.”

“ஆங்! அது லாஜிக். அதைப் போடும்.”

போட்டேன். “மூக்குக்கண்ணாடி தெறித்துச் சோபாவுக்கு அடியில் போய் —” என்று எழுதிவிட்டு, அன்று மாலையே அடித்துவிட்டேன். கண்ணாடி உடைந்தால் இது விபத்தின் கதை. கண்ணாடி உடையாமல், எல்லா எண்களும் துலக்கமாகத் தெரிய, ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போய், கூப்பிடக்கூடிய ஒரு பெயரும் அகப்படாமல் அவர் படத்தைப் போட்டார் என்றால், அதுதான் நான் எழுத விரும்பும் கதை. உதவி கேட்பது ஒன்று. யாரேனும் தாமாகவே கவனித்துவிட மாட்டார்களா என்று காத்திருப்பது வேறொன்று. முன்னதற்குக் குரல் போதும். பின்னதற்கு இன்னொரு மனிதர் வேண்டும்.

ஆகவே வாசகரே, கண்ணாடி அவருடைய மூக்கின்மேல்தான் இருக்கிறது. முகுந்துக்குச் சொல்ல வேண்டாம்.

4

இனி ஜம்புநாதன். இவரைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது.

ஜம்புநாதன் குழுவின் நிர்வாகி. வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். கிளைக்குக் கிளை சென்று, விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பதே தொழிலாக இருந்தவர். தாபோடியில் குடியிருக்கிறார். (என் ஊரை அவருக்குக் கொடுத்துவிட்டேன். தெருக்களைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை அல்லவா.) ‘படத்தில் மனிதர் கூடாது’ என்ற விதியைப் போட்டவர் அவரே. ஏன் போட்டார்? இங்கேதான் தடுமாறுகிறேன்.

“ஜம்புநாதனுக்கு மனிதர்களைப் பிடிக்காது, ஆகையால் —” இல்லை. மனிதர்களைப் பிடிக்காதவர் குழு நடத்த மாட்டார்.

“ஜம்புநாதனின் மனைவி ரமா காலமான பிறகு அவர் —” இதை முடிக்க எனக்கு இப்போது மனமில்லை. அவரே சொல்ல நேர்ந்தால் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் உறுதி. விதியை மீறுபவர்களை அவர் கடிந்துகொள்வதில்லை. மிகுந்த பணிவோடு, “தயைகூர்ந்து ஓரத்தை வெட்டிவிட்டு மீண்டும் பதிவிடவும்” என்று எழுதுவார். குழுவில் இந்த வேண்டுகோளுக்கு நொடியில் இணங்குபவர் ஆனந்தவல்லி அம்மாள். ஒருமுறை மெருகேறிய மரத்தில் அவருடைய புடைவையின் நிறம் நிழலாய்த் தெரிந்துவிட்டது. ஜம்புநாதன் சுட்டிக்காட்டிய மறுகணமே, “மன்னிக்கவும் ஐயா” என்று திருத்திய படம் வந்தது. இன்னொருமுறை தேநீர்க் கோப்பை, அதுவும் வெட்டுண்டது. இப்படியே வெட்டி வெட்டி, ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்தப் பியானோ யாருமே இல்லாத ஒரு வீட்டில் நிற்பது போல ஆகிவிட்டது.

5

படம் போய்ச் சேர்ந்ததும் கைபேசி ‘டிங்’ என்றது. ஆனந்தவல்லி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ பார்த்துவிட்டார்கள்.

கௌஷிக் என்னும் கணினிப் பொறியாளர் எழுதியிருந்தார் (குழுவில் எல்லாரும் எழுதுவது ஆங்கிலமும் இந்தியும், நான் தமிழாக்கித் தருகிறேன்): “யாழ்ச் சட்டத்தின் வளைவு! இத்தனை நாள் இதை ஏன் மறைத்து வைத்திருந்தீர்கள்?”

டிங். “துணிச்சலான கோணம்.”

டிங். “அடிப்பலகையில் தச்சர் போட்ட பென்சில் கோடு தெரிகிறது. அருமை.”

டிங். “வலது மிதி சற்று இறங்கியிருக்கிறது. பார்க்கச் சொல்லவும்.”

ஒவ்வோர் ஒலிக்கும் அவர் கைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். பார்த்த பிறகு கையைத் தரையில் இறக்கி வைத்தார். கை கனத்தது. உற்றுப் பார்ப்பவர்களின் குழு அல்லவா? எல்லாவற்றையும் பார்த்தார்கள். மரத்தின் ரேகையைப் பார்த்தார்கள், பித்தளையின் களிம்பைப் பார்த்தார்கள். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பியானோவை நேசிப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. பியானோவைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் பார்த்திருந்தால், “என்னம்மா, கீழே விழுந்துட்டீங்களா?” என்று உடனே கேட்டிருப்பார்.

கடைசியாக ஜம்புநாதன். டிங். “அரிய காட்சி. நன்றி. இடது ஓரத்தில் ஒரு காலணி தெரிகிறது. தயைகூர்ந்து வெட்டிவிட்டு மீண்டும் பதிவிடவும்.”

ஆனந்தவல்லி அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். கீழே ஆரத்தி முடிந்து யாரோ பரிசுகளை அறிவிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஓரத்தை வெட்டுவது அவருக்குப் பெரிய காரியமன்று. விரலால் இழுத்தால் போதும். விரலைக் கொண்டுபோனார். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விதியைக் கேட்டும் கேளாதவராய், கைபேசியை மார்பின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

6

இங்கே கதை சற்று நிற்கிறது. வெளியிலிருந்து ஒரு செய்தி வந்துவிட்டது.

முகுந்த் தொலைபேசியில் அழைத்தார். “வாத்தியாரே, ஒரு நல்ல சேதி. அந்த அடிப்பக்கத்து ஃபோட்டோ போட்டவர் இன்னைக்கு இன்னொண்ணு போட்டிருக்கார். நான் தனியா மெஸேஜ் போட்டுக் கேட்டேன். யாரும் விழலை, எழலை. ஃபோனைத் தரையில வெச்சு டைமர் போட்டு எடுத்தாராம்.”

“நல்லது. மிக நல்லது.”

“அப்போ உம்ம கதை?”

“என்ன கதை?”

“அதான் யாரும் விழலையே! அந்தம்மாவை எழுப்பிவிட்டுடும். அவ்ளோதான், முடிஞ்சது. டீ குடிக்க வாரும்.”

செய்தி கேட்டு மெய்யாகவே மகிழ்ந்தேன். ஆனால் எழுப்பிவிட முடியவில்லை. படத்தைப் போட்ட அந்த அன்பர் எழுந்து நடமாடுவதால் ஆனந்தவல்லி அம்மாளின் இடுப்பு நேராகிவிடுமா? உண்மையான ஒருவர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் கற்பனையான ஒருவரைத் தரையிலேயே விட்டுவிட்டு நான் தேநீர் குடிக்கப் போவது எப்படி நியாயமாகும்? அவருக்கு முகுந்த் இல்லை. தனியாகச் செய்தி அனுப்பி, “விழுந்தீர்களா?” என்று கேட்க ஒருவரும் இல்லை. நான் ஒருவரைத் தந்தாக வேண்டும். கைவசம் இருப்பவர் ஜம்புநாதன் ஒருவர்தான்.

7

ஜம்புநாதன் காத்திருந்தார். திருத்திய படம் வரவில்லை. எப்போதும் மறுகணமே வரும் “மன்னிக்கவும் ஐயா” வரவில்லை. கைபேசியை எடுத்தார், வைத்தார். ஆய்வாளராக இருந்த காலத்தில் விதியை மீறிய கிளைகளில் அவர் ஐயம் கொண்டதே இல்லை, அது இயல்பு. ஒருநாளும் மீறாதவர்கள் மீறினால்தான் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்.

படத்தை மீண்டும் திறந்தார். யாழைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்க்கவில்லை. வெட்டச் சொன்ன செருப்பைப் பார்த்தார்.

எண் குழுவிலேயே இருந்தது. அழைத்தார்.

“ஹலோ, மேடம்? ஜம்புநாதன் பேசறேன். பியானோ குழு.”

“சொல்லுங்கோ சார். செருப்பு விஷயமா?”

“இல்லை... ஆமா. நீங்க வெட்டிட்டுத் திரும்பப் போடலையேன்னு.”

“போடணும். கொஞ்சம் சிரமமா இருக்கு.”

“வேண்டாம், அப்படியே இருக்கட்டும். படம் நன்னா வந்திருக்கு.”

“யாழ் தெளிவாத் தெரியறதா?”

“தெரியறது.” ஜம்புநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேடம், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க இப்போ எங்கே இருக்கேள்?”

“ஆத்துலதான்.”

“ஆத்துல எங்கே?”

ஒலிபெருக்கியில் யாரோ ஒரு குழந்தைக்குக் கைதட்டச் சொன்னார்கள். கைதட்டல் ஓய்ந்தது.

“அதுக்கு அடியில.”

“எதுக்கு?”

“பியானோவுக்கு. படம் எடுத்த இடத்துலேயேதான் இருக்கேன் சார்.”

ஜம்புநாதன் எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் சட்டையைத் தேடினார்.

“எழுந்துக்க முடியலையா?”

“இடுப்பு. அசைச்சா உயிர் போறது. அசைக்காம இருந்தா ஒண்ணுமில்லை. பெருசா ஒண்ணும் இல்லை சார்.”

“உங்க சொஸைட்டி செக்ரட்டரி நம்பர் சொல்லுங்கோ.”

“வேண்டாம்! அவர் கையில இப்போ மைக் இருக்கு. ‘சி விங் மதராஸி காக்கூ விழுந்துட்டா’ன்னு பரிசளிப்புக்கு நடுவுல சொல்லுவார். அவருக்கு மைக் கிடைச்சாப் போறும்.”

“சொல்லட்டுமே. அதனால என்ன?”

“நான் நைட்டியில இருக்கேன் சார்.”

ஜம்புநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையிலும் சிரிப்பு, நடுவில் ‘அம்மா’ என்று ஒரு முனகல். “சிரிக்க வைக்காதீங்கோ. வலிக்கிறது.”

“ஆம்புலன்ஸ்?”

“அது சைரன் போட்டுண்டு பந்தல் வாசல்லதான் வந்து நிக்கும். ஊரே கூடி அண்ணாந்து பாக்கும். இந்தப் பியானோ ஏறினப்போ பாத்தா. நான் இறங்கறதையும் பாக்கணுமா? யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்கோ.”

“குடுத்தேன். அப்போ நானே தாபோடியிலேருந்து வரேன்.”

“தாபோடியிலேருந்து கோந்த்வாவுக்கா? ரோடெல்லாம் அடைச்சிருப்பா.”

“மெட்ரோ இருக்கே. ஸ்வார்கேட் வந்து ஆட்டோ. விலாசம் வழியில கேட்டுக்கறேன். சாவி யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருக்கேளா?”

“சாவி குடுக்கற அளவுக்கு இங்க யாரும் —”

(இதுவரை முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் என்னுடையவை. இது அவருடையது.)

“சரி. பூட்டுத் திறக்கறவனை வழியில பிடிச்சுண்டு வரேன்.”

“சார், ஃபோனை வெச்சுடாதீங்கோ.”

“வைக்க மாட்டேன்.”

“என்ன பேசறது? நம்ம குழுவுலதான் சொந்த விஷயம் பேசப்படாதே.”

“நீங்க பாக்கறதைச் சொல்லுங்கோ. குழு வழக்கப்படி.”

அவர் சொன்னார். ஜம்புநாதன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார், தெருவைக் கடந்தார், ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டில் ஏறினார். எல்லா நேரமும் காதில் ஆனந்தவல்லி அம்மாளின் குரல். அடிப்பலகையில் ஒரு முடிச்சு இருக்கிறது; கண் மாதிரி பார்க்கிறது. பின்கால் ஒன்றில் சிலந்தி. மூலையில் ஒரு நாணயம் உருண்டு கிடக்கிறது, எடுக்க எட்டவில்லை.

“உங்காத்துல என்ன பியானோ சார்? நீங்க ஒரு தடவைகூடப் போட்டதில்லையே.”

ரயில் வந்தது. ஜம்புநாதன் கதவோரம் நின்றுகொண்டார்.

“இப்போ இல்லை. இருந்தது. என் ஆத்துக்காரி ரமா வாசிப்பா. அவ போனப்புறம் ஒரு ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன். படம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுல ரமா பக்கத்துல நிக்கறா, மூடிமேல கையை வெச்சுண்டு. குழுவுல போடணும்னா அவளை வெட்டணும்.”

“நீங்க போட்ட ரூல்தானே.”

“ஆமா. ஜோடி ஜோடியா நின்னுண்டு போட ஆரம்பிச்சா எல்லாரும். பாக்க முடியலை. அதான் ரூல் போட்டேன். போட்டப்புறம் என்னோடதையும் போட முடியாமப் போயிடுத்து.”

ஆனந்தவல்லி அம்மாள் கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு சொன்னார்: “எனக்கு அனுப்புங்கோ. குழுவுக்கு வேண்டாம். வெட்டாம அனுப்புங்கோ.”

8

முடிவுகள்.

முகுந்த் விரும்பும் முடிவு: பூட்டு திறக்கிறது. மருத்துவமனை. இடுப்பு குணமாகிறது. “அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து வாசிக்கறா. அவ்ளோதான், லேடீஸ் எல்லாம் அழுவா.” எழுதிப் பார்த்தேன். ஜம்புநாதனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: ஜம்புநாதன் போய்ச் சேரும்போது — இதை நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். ஆமையை வெயிலில் விட்டுவந்தவன் ஒரு மனிதரையும் அப்படி விடலாகாது.

எஞ்சியிருப்பது ரயில். அது போபோடியைத் தாண்டியது, கட்கியைத் தாண்டியது. புனேயில் இருப்பவர்களுக்குத் தெரியும். சிவாஜிநகருக்குச் சற்று முன்பு அந்த ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். பிறகு ஸ்வார்கேட் வரை சுரங்கம்தான். அங்கே கைபேசி சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. போதாக்குறைக்குப் பண்டிகைக் கூட்டம். மண்டை என்னும் நிலையத்தில் தாரைதப்பட்டைக் குழு ஒன்று டோல் மேளங்களோடு ஏறினால், பேசினாலும் கேட்காது. நான் நினைத்தால் ரயிலைத் தரைக்கு மேலேயே ஓட்டலாம்; கதை என்னுடையதுதானே. ஆனால் ஊரின் தண்டவாளத்தை என் வசதிக்கு வளைத்துவிட்டால், அந்த அம்மாள் விழுந்ததையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. நான் கடைசி முற்றுப்புள்ளியை வைத்ததும் இந்த அழைப்பு அறுந்துவிடும். எவ்வளவு நல்ல முடிவை எழுதினாலும், எழுதி முடித்த கணத்தில் அவர் மறுபடியும் தனியாகிவிடுவார். கதை முடிவதற்கும் தொலைபேசியை வைப்பதற்கும் தரையில் கிடப்பவருக்கு வேறுபாடு இல்லை.

ஆகவே வாசகரே, ரயில் இறங்குமுன் ஒன்று செய்கிறேன். அழைப்பை உங்களிடம் மாற்றித் தருகிறேன். கோந்த்வா, சி விங், ஆறாம் தளம். கதவு உள்ளிருந்து பூட்டியிருக்கிறது. கீழே பந்தலில் ஆட்கள் இருக்கிறார்கள். செயலாளர் கையில் ஒலிவாங்கி இருக்கிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று ஜம்புநாதன் வாக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் கொடுக்கவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றி, ஜம்புநாதன் வரும்வரை பேசிக்கொண்டே இருப்பீர்களா, அல்லது அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று பந்தலில் இருப்பவர்களை மேலே ஓடச் சொல்வீர்களா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கதைகளில் இதற்கு விடை இல்லை. எதைச் செய்வதானாலும் முதலில் அவருக்கு ஒரு குரல் கேட்க வேண்டும்.

ரயில் சாய்கிறது. சன்னல் இருள்கிறது. ஜம்புநாதன் “ஹலோ, ஹலோ” என்கிறார். அது இனி அங்கே போய்ச் சேராது. அங்கிருந்து வருவது மட்டும் உங்களுக்குக் கேட்கிறது:

“சார்? விட்டு விட்டுக் கேக்கறது... ஹலோ? யாராவது லைன்ல இருக்கேளா?”